அமதெராசுவுக்குத் தினம் இருவேளைப் படையல், இருபது ஆண்டுக்கொரு புதுவீடு

கேள்வி இது: "ஜப்பானில் சூரியனைப் பெண் தெய்வமாக வணங்குகிறார்களாமே. அமதெராசு என்ற அந்தத் தெய்வம்தான் ஜப்பானின் பழைய மதமான ஷின்தோவின் தலைமைக் கடவுளா? அவள் குகைக்குள் ஒளிந்துகொண்ட கதை சூரிய கிரகணத்தைத்தான் சொல்கிறதா? கோயிலில் அவளுக்குச் சிலை உண்டா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமைக் கடவுள் என்பது பாதி உண்மை. கிரகணம் என்பது ஓர் ஊகம். அதுவும் கதையின் முக்கால்வாசியைக் கண்டுகொள்ளாத ஊகம். ஜப்பானின் இசே நகரில் உள்ள அவளுடைய மூலக் கோயிலில் சிலை கிடையாது. உலோகக் கண்ணாடி ஒன்று இருக்கிறது, அதையும் யாரும் பார்ப்பதில்லை.

சூரியக் கடவுள் என்றதும் ஏழு குதிரை பூட்டிய தேரும் வானத்தை வலம் வரும் பயணமும் நம் நினைவுக்கு வரும். அமதெராசுவிடம் தேருமில்லை, பயணமுமில்லை. அவளிடம் நெல்வயல் இருக்கிறது. தறிக்கூடம் இருக்கிறது. புது அரிசியை முதன்முதலாக உண்பதற்கென்று ஒரு கூடம் இருக்கிறது. பெரிய பண்ணைவீடு ஒன்றின் தலைவியாக அவளை நினைத்துக்கொண்டால் கதையும் விளங்கும், இன்றைய வழிபாடும் விளங்கும்.

பழைய கதைகள் இரண்டு நூல்களில் இருக்கின்றன. 712-ஆம் ஆண்டு ஓ நோ யசுமாரோ எழுதி முடித்த கோஜிகி ஒன்று. 720-இல் அரசவை வெளியிட்ட நிஹோன் ஷோகி மற்றொன்று. எட்டே ஆண்டு இடைவெளியில் வந்தவை என்றாலும் இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. நிஹோன் ஷோகி ஒரே நிகழ்ச்சிக்கு "இன்னொரு ஏட்டில் இப்படி இருக்கிறது" என்று நாலைந்து வடிவங்களை அடுக்கவும் செய்கிறது. "அமதெராசு கதை" என்று இணையத்தில் ஒரே கோவையாகக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் இவற்றிலிருந்து வெட்டி ஒட்டியவைதான்.

கோஜிகியின்படி, இறந்துபோன மனைவி இசானாமியைத் தேடிப் பாதாளத்துக்குப் போன இசானாகி, அவளுடைய அழுகிய உடலைக் கண்டு அஞ்சி ஓடிவருகிறான். தீட்டுக் கழிய நீராடுகிறான். இடக்கண்ணைக் கழுவியபோது அமதெராசு பிறக்கிறாள்; வலக்கண்ணிலிருந்து சந்திரனான சுக்குயோமி, மூக்கிலிருந்து முரடன் சுசானோ. தன் கழுத்து மணிமாலையைக் கழற்றி மகளிடம் கொடுத்து, வானுலகான தகமாகஹராவை ஆளச் சொல்கிறான் தகப்பன். நிஹோன் ஷோகியின் முதன்மைப் பாடத்திலோ அவள் தாயும் தகப்பனும் சேர்ந்து பெற்ற பிள்ளை. இரண்டிலும் பொதுவானது ஒன்று: உலகைப் படைத்தவள் அவள் அல்ல. அவளுக்கு முன்பே பல தலைமுறைத் தெய்வங்கள் வந்து போய்விட்டன.

சுசானோவுக்குக் கடலை ஆளும் பொறுப்பு தரப்பட்டது. அவனோ தாயிடம் போக வேண்டும் என்று தாடி நெஞ்சைத் தொடும் வயது வரை அழுதுகொண்டே இருக்கிறான். பச்சை மலைகள் வாடிப்போகின்றன. தகப்பன் விரட்டிவிட, அக்காவிடம் விடைபெற்றுக்கொள்வதாகச் சொல்லி வானுலகுக்கு ஏறுகிறான். மலையும் ஆறும் அதிர்கின்றன. தம்பி நாட்டைப் பிடுங்க வருகிறான் என்று அக்கா முடிவு செய்கிறாள். கூந்தலை அவிழ்த்து ஆண்களைப்போல் முடிந்துகொள்கிறாள். முதுகில் ஆயிரம் அம்பு கொள்ளும் தூணி, இடுப்பில் ஐந்நூறு அம்புத் தூணி. தொடை வரை கால் புதையும்படி தரையை உதைத்து நிற்கிறாள். சாந்தமான ஒளித்தெய்வம் என்று மட்டுமே அவளை எழுதுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சண்டை நடக்கவில்லை, தம்பியின் எண்ணத்தைச் சோதிக்கும் சத்தியம் நடக்கிறது. தம்பியின் வாளை அவள் மூன்றாக ஒடித்து, மென்று, ஊதுகிறாள். மூன்று பெண் தெய்வங்கள். அவளுடைய மணிகளை அவன் மென்று ஊதுகிறான். ஐந்து ஆண் தெய்வங்கள். உடனே அவள் தீர்ப்பு சொல்கிறாள்: பொருள் யாருடையதோ பிள்ளையும் அவருடையதே, ஆண்பிள்ளைகள் ஐவரும் என்னுடையவர்கள். சொத்து வழக்குபோல் தோன்றினாலும் ஜப்பானியப் பேரரசர் வம்சம் தொடங்குவது இந்தத் தீர்ப்பிலிருந்துதான். வாளிலிருந்து பிறந்த மூவர் முனாகதா தெய்வங்கள். அவர்களுடைய ஒகினோஷிமா தீவு 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மூவரில் ஒருத்தியான இச்சிகிஷிமா, பிற்காலத்தில் பென்சைதென்னோடு ஒன்றாக்கப்பட்டாள். பென்சைதென் வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதி.

தானே வென்றதாக அறிவித்துக்கொண்ட சுசானோ அட்டகாசத்தைத் தொடங்குகிறான். அக்காவின் வயல் வரப்புகளை உடைக்கிறான். வாய்க்கால்களைத் தூர்க்கிறான். புதுநெல் உண்ணும் கூடத்தில் மலம் கழிக்கிறான். இந்த இடத்தில் அமதெராசு பேசுவதைக் கேட்க வேண்டும். அது மலமாக இருக்காது, தம்பி குடித்துவிட்டு வாந்தி எடுத்திருப்பான். வரப்பை உடைத்தது கெட்ட எண்ணத்தால் அல்ல, வரப்புக்காக நிலம் வீணாகிறதே என்ற அக்கறையால். வீட்டுக்கு வீடு கேட்ட குரல்தான் இது. பிறகு அவன் தறிக்கூடத்தின் கூரையைப் பிய்த்து, தலைகீழாகத் தோலுரித்த குதிரையை உள்ளே எறிகிறான். நெய்துகொண்டிருந்த பெண் திடுக்கிட்டு, தறியின் நாடா பாய்ந்து இறந்துபோகிறாள். நிஹோன் ஷோகியில் நாடாவால் காயப்படுவது அமதெராசுவே. அதன்பின் அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பாறைக் குகைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள். வானும் மண்ணும் இருண்டன.

எண்பது லட்சம் தெய்வங்கள் வானத்து ஆற்றுப்படுகையில் கூடின. திட்டம் போட்டது ஒமோய்கானே என்ற யோசனைக்காரத் தெய்வம். சேவல்களைக் கொண்டுவந்து கூவ வைத்தார்கள். கண்ணாடி வார்த்தார்கள், மணி கோத்தார்கள். சககி என்ற பசுமரத்தை வேரோடு பிடுங்கிவந்து மேல்கிளையில் மணிகளையும் நடுக்கிளையில் கண்ணாடியையும் கீழ்க்கிளையில் துணிகளையும் தொங்கவிட்டார்கள். பலசாலியான தஜிகராவோ கதவுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டான். அமே நோ உசுமே என்ற பெண் தெய்வம் கையில் மூங்கில் இலையோடு, கவிழ்த்துப்போட்ட தொட்டியின்மேல் ஏறி, சத்தம் எழ மிதித்து ஆடினாள். ஆட்டத்தின் உச்சத்தில் மார்பைத் திறந்தாள். பாவாடை நாடாவை அடிவயிற்றுக்குக் கீழே தள்ளினாள். வானுலகமே குலுங்கும்படி தெய்வங்கள் சிரித்தன.

உள்ளே இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. நான் ஒளிந்துகொண்டால் எல்லாம் இருட்டாகக் கிடக்கும் என்றல்லவா நினைத்தேன், இங்கே என்ன ஆட்டமும் சிரிப்பும்? உசுமே பதில் சொல்கிறாள்: உன்னைவிட மேலான தெய்வம் ஒன்று வந்திருக்கிறது, அதனால்தான் இந்தக் கொண்டாட்டம். கதவிடுக்கில் கண்ணாடியை நீட்டுகிறார்கள். அதில் தெரிந்தவள் யார் என்று பார்க்க அவள் அடியெடுத்து வைத்ததும் தஜிகராவோ கையைப் பிடித்து வெளியே இழுக்கிறான். இன்னொரு தெய்வம் அவளுக்குப் பின்னால் வைக்கோல் கயிற்றைக் கட்டி, இதைத் தாண்டித் திரும்பிப் போகக்கூடாது என்கிறது. ஷின்தோ கோயில்களில் இன்றும் தொங்கும் முறுக்குக் கயிற்றுக்கு இதையே மூலமாகச் சொல்வார்கள். கியூஷு தீவிலுள்ள தகாச்சிஹோவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடிய விடிய 33 ஆட்டங்கள் கொண்ட ககுரா என்ற சடங்குக்கூத்து நடக்கிறது; அதில் கூட்டம் காத்திருப்பது தஜிகராவோ கதவைத் தூக்கி எறியும் காட்சிக்குத்தான்.

இப்போது கிரகணத்துக்கு வருவோம். எடோ காலத்திலிருந்தே (1603–1868) இந்த விளக்கம் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டு அரசி ஹிமிகோ இறந்த காலத்தையொட்டி 247-இலும் 248-இலும் வந்த கிரகணங்களை இதனோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. 927-இல் முடிக்கப்பட்ட எங்கிஷிகி என்ற சட்டத் தொகுப்பில் ஒரு தீட்டுக்கழிப்பு மந்திரம் இருக்கிறது. அதில் "வானத்துப் பாவங்கள்" என்று ஒரு பட்டியல்: வரப்பை உடைத்தல், வாய்க்காலைத் தூர்த்தல், மதகைத் திறந்துவிடுதல், விதைத்த வயலில் மறுபடி விதைத்தல், தலைகீழாகத் தோலுரித்தல், மலம் கழித்து அசுத்தம் செய்தல். சுசானோவின் குற்றப்பத்திரிகை அப்படியே இருக்கிறது. எல்லாமே விவசாயிகளின் குற்றங்கள். வானியல் நிகழ்ச்சியை விளக்க வந்த கதைக்கு மதகும் வரப்பும் எதற்கு? மேலும், குளிர்காலத்தில் வெயில் தளரும் நாட்களில், புதுநெல் சடங்குக்கு முதல்நாள், பேரரசரின் உயிராற்றலை நிலைநிறுத்த அரண்மனையில் ஒரு சடங்கு நடந்தது. அதில் உசுமேயின் வழிவந்த சருமே குலப் பெண்கள் ஆடினார்கள். தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நின்று ஈட்டியால் குத்தி ஒலி எழுப்பும் பழக்கமும் அந்தச் சடங்கில் இருந்தது. ஆண்டுக்கொரு முறை நடந்த இந்தச் சடங்கோடு கதை பொருந்துகிற அளவுக்கு எப்போதோ வரும் கிரகணத்தோடு பொருந்தவில்லை.

சந்திரனோடு அவளுக்கு ஏன் ஆகாது என்பதற்கும் நிஹோன் ஷோகியில் ஒரு கிளைக்கதை உண்டு. உணவுத் தெய்வம் வாயிலிருந்து சோறும் மீனும் வரவழைத்துப் பரிமாறியதைக் கண்டு அருவருத்த சுக்குயோமி அவளை வெட்டிவிடுகிறான். இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அமதெராசு சொல்லிவிட, அன்றிலிருந்து பகலும் இரவும் பிரிந்தன. இறந்த உடலிலிருந்து நெல்லும் தினையும் பயறும் பட்டுப்புழுவும் தோன்றின. அமதெராசு நெல்லை வானத்து வயலில் விதைக்கச் செய்தாள். பட்டுக்கூட்டை வாயில் போட்டு நூல் இழுத்தாள். இன்றும் அரண்மனை வளாகத்தில் பேரரசர் நாற்று நடுகிறார், பேரரசி பட்டுப்புழு வளர்க்கிறார். இப்போதிருக்கும் வடிவில் இரண்டும் மேஜி காலத்திலும் (1868–1912) அதற்குப் பின்னும் வந்த வழக்கங்களே என்றாலும், யாரைப் பார்த்து ஏற்படுத்தினார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை.

தலைமைக் கடவுளா என்ற கேள்விக்கு அரசியல் இல்லாமல் பதில் சொல்ல முடியாது. பேரனான நினிகியை மண்ணுலகை ஆள அனுப்புகிற இடத்தில், நிஹோன் ஷோகியின் முதன்மைப் பாடம் கட்டளையிடும் பொறுப்பை அமதெராசுவிடம் தரவில்லை. தகமிமுசுபி என்ற ஆண் தெய்வத்திடம் தருகிறது. அரச குலத்தின் பழைய மூதாதைத் தெய்வம் அவரே, அமதெராசு பின்னால் மேலே கொண்டுவரப்பட்டவள் என்று கருதும் அறிஞர்கள் பலர். காலம் ஏழாம் நூற்றாண்டின் கடைசி. 672-இல் அரியணைப் போரின் நடுவே, பின்னர் பேரரசரான தென்மு, இசே நாட்டு ஆற்றங்கரை ஒன்றிலிருந்து அமதெராசுவைத் தொழுததாகப் பதிவு இருக்கிறது. வென்ற பிறகு தன் மகள் ஓக்குவை இசேக்குப் பணிவிடை செய்ய அனுப்பினார். அவருக்குப் பின் அவர் மனைவி ஜிதோ ஆண்டார். ஜிதோவின் மகன் 689-இல் இறந்துபோக, 697-இல் பேரன் மொன்முவிடம் அரசை ஒப்படைத்தார். கதையிலும் முதலில் மகன்தான் இறங்கவேண்டியது. கடைசி நேரத்தில் பேரன் அனுப்பப்படுகிறான். பாட்டி பேரனுக்கு நாட்டைத் தருவது வானத்திலேயே நடந்த முறைதான் என்று காட்ட இதைவிடப் பொருத்தமான கதை ஜிதோவுக்கு அமைந்திருக்காது. கதையை அவருக்காகவே புனைந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இருந்த வடிவங்களில் இது முன்னுக்கு வந்ததற்கு அவர் காலம் காரணம் என்று சொல்லலாம்.

எல்லாக் கோயில்களிலும் அவள்தான் முதன்மை என்பதும் இல்லை. இனாரி, ஹச்சிமான் என்ற வேறு தெய்வங்களின் கோயில்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இசுமோ பெருங்கோயிலில் நாயகர் ஒகுனினுஷி என்ற தெய்வம்.

சிலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நினிகியிடம் கண்ணாடியைக் கொடுத்து, இதை என் ஆவியாகக் கொண்டு என்னையே வணங்குவதுபோல் வணங்கு என்றாள் அமதெராசு. ஒரே கூரைக்குக் கீழே வைத்துக்கொள் என்றும் ஒரு பாடம் உண்டு. பத்தாவது பேரரசர் சுஜின் காலம் வரை அரண்மனையில்தான் இருந்ததாம். அவருக்கு ஒரே வீட்டில் தெய்வத்தோடு வாழ அச்சமாகிவிட்டது. கண்ணாடி வெளியே போனது. அடுத்த பேரரசரின் மகள் யமதோ ஹிமே அதைச் சுமந்து ஊர் ஊராக அலைந்து இசேயை அடைந்தபோது, அலைகள் வந்து சேரும் ஒதுங்கிய இனிய நாடு இது, இங்கேயே இருக்கிறேன் என்று தெய்வம் சொல்லிவிட்டது. கண்ணாடி இன்றும் இசேயின் உள்கோயிலான நைக்குவில் இருக்கிறது என்பது மரபு. நாம் மூலவரைப் பார்க்கிற மாதிரி அங்கே தரிசனம் கிடையாது. வெளி வேலியின் வாசலில் வெள்ளைத் திரைக்கு முன் கைகூப்பிவிட்டுத் திரும்ப வேண்டும். உருவமே எங்கும் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய காலத்தில் பௌத்தர்கள் அவளை மகாவைரோசன புத்தரோடு ஒன்றாகக் கண்டார்கள், சில ஏடுகளில் ஆணாகவும் எழுதினார்கள். இசேக்குப் பக்கத்தில் அசாமா மலையிலுள்ள கொங்கோஷோஜி ஆலயத்தில் உஹோ தோஜி என்ற சிறுவர் வடிவச் சிலை அந்தக் கலப்பின் எச்சம்.

வழிபாடு எப்படி நடக்கிறது? பெரும்பாலும் வீட்டுவேலைதான். வெளிக்கோயிலான கெக்குவில் இருக்கும் தோயோ உகே உணவுக்கான தெய்வம். அமதெராசு தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று கனவில் சொன்னதால் அழைத்துவரப்பட்டவள் என்பது கோயில் வரலாறு. அங்கே நாளுக்கு இருமுறை, வெயில்கால அரையாண்டில் காலை 8-க்கும் மாலை 4-க்கும், குளிர்காலத்தில் 9-க்கும் 3-க்கும் படையல். முந்தின இரவே கோயிலில் தங்கித் தூய்மை காத்த பூசாரிகள் மரத்தில் மரத்தைக் கடைந்து தீ எழுப்புகிறார்கள். சோறு, நீர், உப்பு, மீன், கடற்பாசி, காய், கனி, சாகே என்ற அரிசி மது. அரிசி கோயிலின் சொந்த வயலில் விளைந்தது. உப்பு ஃபுதாமி கடற்கரையில் காய்ச்சி, முக்கோண மண் அச்சில் அடைத்துச் சுட்டுக் கெட்டியாக்கியது. மே, அக்டோபர் மாதங்களில் மத்சுசகாவில் நெய்த பட்டும் சணலும் உடுப்பாகப் போகின்றன.

இருபது ஆண்டுக்கு ஒருமுறை வீடே மாறுகிறது. பக்கத்திலேயே அதே அளவில் ஒரு காலித் திடல். அதில் ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தால் புதுக்கோயில் எழும். அடித்தளம் இல்லாமல் மண்ணில் நேரே ஊன்றிய தூண்கள், மேலே புல்கூரை. இப்படிக் கட்டினால் மழைநாட்டில் வெகுகாலம் தாங்காது என்பது தெரிந்தே கட்டுகிறார்கள். 714 வகையில் 1,576 பொருள்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன: துணி, வாள், தறிக்கருவி வரை. முதல் மாற்றம் 690-இல் ஜிதோ காலத்தில், 62-ஆவது 2013-இல், அடுத்தது 2033-இல். பழைய கோயிலின் பெரிய தூண்கள் நைக்குவின் நுழைவிலுள்ள உஜி பாலத்தின் தோரியி வாசல்களாகி இன்னும் இருபது ஆண்டு நிற்கும்; பிறகு வேறு ஊர் வாசல்களாகப் போகும்.

இது அறுபடாமல் நடந்துவருகிறது என்று எழுதுவது தவறு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் 120 ஆண்டுகளுக்கு மேல் நின்றுபோனது. மீட்டவர்கள் யார் என்பதுதான் வேடிக்கை. இசேயில் பௌத்தம் விலக்கு; துறவிகள் சன்னதியை நெருங்கக்கூடாது. பௌத்தச் சொற்களைக்கூட வாயால் சொல்லாமல், மொட்டைத்தலைத் துறவியை "நீள்முடிக்காரர்" என்று குறிப்பிடுகிற அளவுக்குக் கெடுபிடி. அந்தக் கோயிலுக்கு நிதி திரட்டியவர்கள் கெய்கோ இன் மடத்துப் பௌத்தப் பெண் துறவிகள். ஊர் ஊராகக் கையேந்தி, சேய்ஜுன் 1563-இல் கெக்குவைப் புதுப்பிக்க வைத்தார். அவர் வழிவந்த ஷூயோவின் முயற்சியில் நோபுனாகா, ஹிதேயோஷி போன்ற போர்த்தலைவர்கள் வரை பணம் கொடுத்து, 1585-இல் இரு கோயில்களும் புதுவீடு கண்டன.

இன்னொரு தலைகீழ் மாற்றமும் சொல்லத் தக்கது. தொடக்கத்தில் பேரரசரைத் தவிர வேறு யாரும் இசேயில் காணிக்கை வைக்கக்கூடாது. அரசவை ஆதரவு வற்றியதும் ஓன்ஷி என்ற பூசாரிகள் நாடெங்கும் போய்த் தாயத்தும் பஞ்சாங்கமும் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். எடோ காலத்தில் 1650, 1705, 1771, 1830 ஆண்டுகளில் மக்கள் வெள்ளமாகக் கிளம்பினார்கள். 1830-இல் மட்டும் 40 லட்சம் பேருக்கு மேல் வந்ததாகக் கணக்கு. அன்றைய ஜப்பானின் மக்கள்தொகையே ஏறத்தாழ 3 கோடி. வேலைக்காரர்களும் சிறுவர்களும் எஜமானிடமோ வீட்டிலோ சொல்லாமல், கையில் ஓர் அகப்பையோடு ஓடிவந்தார்கள். வழியில் யாரும் சோறு போடுவார்கள், திரும்பிப் போனால் யாரும் அடிக்கமாட்டார்கள். வரமுடியாதவர்கள் கழுத்தில் காசு கட்டி நாயை அனுப்பியதும் உண்டு. பேரரசர்களோ வரவில்லை; ஆட்சியிலிருந்த பேரரசர் ஒருவர் நேரில் வந்து வழிபட்டது 1869-இல், மேஜி காலத்தில். அதன்பின் அரசு அவளைத் தேசத்தின் தாயாக்கிப் பள்ளிப்பாடம் வரை கொண்டுபோனதும், 1945 டிசம்பரில் நேசநாட்டு ஆணை கோயில்களை அரசிடமிருந்து பிரித்ததும் தனியாக எழுத வேண்டியவை. 2013-இன் ஏறத்தாழ 5,500 கோடி யென் செலவும் அரசுப் பணத்தில் வரவில்லை. நன்கொடையும் கோயில் நிதியும்தான்.

நேரில் போகும் எண்ணம் இருந்தால்: முதலில் கெக்கு, பிறகு நைக்கு, அதுதான் முறை. நைக்குவின் முதன்மைச் சன்னதியில் நன்றி மட்டும் சொல்வார்கள். சொந்த வேண்டுதல் இருந்தால் பின்னாலுள்ள அராமாத்சுரி சன்னதிக்குப் போவது வழக்கம். முதன்மைச் சன்னதிப் படிகளுக்கு மேல் படம் எடுக்க அனுமதி இல்லை. நடை காலை 5 மணிக்கே திறந்துவிடும். கூட்டம் ஆகாது என்பவர்கள் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.